ஜெர்மனிக்கு வந்தபின் ஜெர்மன் படிப்பது: ஏ1 முதல் பி1 வரை, படிப்படியாக

2022 நவம்பரில் கணவரின் வேலைக்காக ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் குடிவந்தபோது எனக்கு வயது 36. திருச்சியில் பன்னிரண்டு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். இங்கே கடையில் பணம் வாங்குகிறவர் "பை வேண்டுமா?" என்று கேட்டால்கூடப் புரியாமல் நின்றேன். பி1 சான்றிதழ் என் கைக்கு வந்தது 2024 ஜூலையில். அந்த இருபது மாதத்தில் ஏழெட்டு மாதம், எந்தப் படிவத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று தெரியாமலேயே போய்விட்டது. அந்த மாதங்கள் உங்களுக்காவது மிஞ்ச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முக்கியமாக, கணவருடனோ மனைவியுடனோ சேர்ந்து வாழ வருகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. எந்த நிலை வரை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் ஆறு படிகள்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. உங்களுக்கு எந்தப் படி தேவை என்பது நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஜெர்மன் குடியுரிமை உள்ளவரைத் திருமணம் செய்து வருகிறவருக்கு வீசா வாங்கவே வழக்கமாக ஏ1 கட்டாயம். ப்ளூ கார்டு (உயர்கல்வி படித்து வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்குத் தரும் வசிப்பு அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் என்னைப் போல நிறையப் பேர் எந்தத் தேர்வும் எழுதாமலே வந்து இறங்குகிறோம். ப்ளூ கார்டு வைத்திருப்பவருக்கு நிரந்தர வசிப்புரிமை, ஏ1 இருந்தால் 27 மாதத்தில், பி1 இருந்தால் 21 மாதத்தில் கிடைக்கும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து வருட வசிப்பும் பி1-உம் வேண்டும். செவிலியர் வேலைக்குப் பொதுவாக பி2 கேட்பார்கள்.

பி1 வரை போக எவ்வளவு காலம் ஆகும்? 45 நிமிடப் பாடவேளைக் கணக்கில், ஏ1-க்கு 80 முதல் 200, பி1 வரை மொத்தம் 350 முதல் 650 என்பது கோத்தே இன்ஸ்டிட்யூட் சொல்லும் அளவு. எனக்கு 600 ஆனது. "மூன்றே மாதத்தில் பி1" என்று விளம்பரம் பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

2. ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

வீசாவுக்கு ஏ1 சான்றிதழ் தேவையென்றால் யார் கொடுத்த சான்றிதழ் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கோத்தே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகாரம் பெற்ற தேர்வு அமைப்புகளின் சான்றிதழ்தான் செல்லும். சென்னையில் கோத்தே இன்ஸ்டிட்யூட், அதாவது நாம் மாக்ஸ் முல்லர் பவன் என்று சொல்வது, நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கிறது. அங்கே படிக்காமல் வெளியே படித்தவர்களும் தேர்வு மட்டும் எழுதலாம்.

நான் கிளம்புவதற்கு முன் ஒரு பயிற்சி மையத்தில் நான்கு மாதம் படித்தேன். கடைசி நாளில் "ஏ2 நிறைவு" என்று பொன்னிற ஓரம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். இங்கே வந்து அலுவலகத்தில் காட்டியபோது அங்கிருந்த அம்மா அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தார். பயிற்சி மையம் தருவது நீங்கள் வகுப்புக்கு வந்தீர்கள் என்பதற்கான தாள், அவ்வளவுதான். பணம் கட்டுவதற்கு முன்பே "எந்த அமைப்பின் தேர்வுக்குத் தயார் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இதில்தான் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, சிலருக்கு சர்நேம் என்ற இடமே காலி. தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் தேர்வுக்குப் பதியுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அலுவலகத்திலும் இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

3. வந்த ஓராண்டுக்குள் அனுமதிச் சீட்டை வாங்குங்கள்

என் மாதங்கள் வீணானது இங்கேதான், கவனமாகப் படியுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு அரசு நடத்தும் வகுப்பு ஒன்று உண்டு. பெயர் இன்டெக்ரட்சியோன்ஸ்குர்ஸ். 600 பாடவேளை மொழி, அப்புறம் 100 பாடவேளை நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை. மொத்தம் 700. வகுப்பை நடத்துவது ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூல என்ற ஊர்க் கல்விக்கூடமாக இருக்கலாம், தனியார் பள்ளியாகவும் இருக்கலாம். ஆனால் அனுமதியும் பணமும் பாம்ஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும், நூர்ன்பெர்க்கில் உள்ள குடியேற்றத்துக்கும் அகதிகளுக்குமான மத்திய அலுவலகத்தின் கையில்.

இதில் சேர பெரெஹ்டிகுங்ஸ்ஷைன் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். குடும்பத்துடன் சேர வந்தவர்களுக்கு வசிப்பு அட்டை கொடுக்கும்போதே வெளிநாட்டவர் அலுவலகம் அதைக் கொடுக்கலாம். எனக்கு 2023 ஜனவரியில் அட்டை மட்டும் கிடைத்தது. அனுமதிச் சீட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாததால் நான் கேட்கவும் இல்லை. ஜூன் மாதம், பக்கத்து ஊர் தமிழ்க் கடையில் பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்தான் விசாரித்தார்: "தங்கச்சி, கார்ட் கிடைச்சு எவ்வளவு காலம்? ஒரு வருஷம் முடியிறதுக்குள்ள கேளுங்கோ, பிறகு அந்த உரிமை போயிடும்."

அவர் சொன்னது சரி. இந்த உரிமை, அதற்குக் காரணமான வசிப்பு அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும். நான் சேர்ந்தபோது அதன் பிறகும் விண்ணப்பிக்க முடிந்தது, ஆனால் அது கோரிக்கைதான். இடம் இருந்து, அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் கிடைத்தது.

ஆகவே அட்டை வாங்கப் போகும் அன்றே வாய்விட்டுக் கேளுங்கள். எடுத்துப் போக வேண்டியவை: பாஸ்போர்ட், வசிப்பு அட்டை (அட்டை இன்னும் வராதிருந்தால் அதற்குப் பதிலாகத் தரும் இடைக்காலத் தாள்), முகவரிப் பதிவுச் சான்று. எல்லாவற்றிலும் இரண்டு நகல். சீட்டு கைக்கு வந்ததும் ஒரே பள்ளியை நம்பிக் காத்திருக்காமல் மூன்று நான்கு பள்ளிகளுக்குப் போய்க் கேளுங்கள். பெரிய ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். எனக்கு ஜூலையில் சீட்டு வந்தது, வகுப்பு கிடைத்தது செப்டம்பரில்.

சேரும்முன் நிலையறியும் சோதனை ஒன்று வைப்பார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஊகித்து எழுதாதீர்கள். என் வகுப்பில் ஒருவர் அப்படி எழுதி மூன்றாம் கட்டத்துக்குப் போய், பின் தொடர முடியாமல் ஆறு வாரம் கழித்து இறங்கி வந்தார். நான் முதல் கட்டத்திலிருந்தே ஆரம்பித்தேன். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

4. செலவும் நேரமும்

நான் 2023-ல் சேர்ந்தபோது ஒரு பாடவேளைக்கு என் பங்கு 2.29 யூரோ. 700 பாடவேளைக்கு 1,603 யூரோ. மொத்தமாகக் கட்ட வேண்டாம், 100 பாடவேளை கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பு 229 யூரோ கட்டினால் போதும். அரசு உதவித்தொகையில் வாழ்கிறவர்கள் இந்தப் பங்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். வகுப்பின் முடிவில் எழுதும் தேர்வுக்கு முதல் தடவை தனிக் கட்டணம் கிடையாது. வகுப்பில் சேராமல் வெளியிலிருந்து பி1 தேர்வு எழுதினால் அமைப்பைப் பொறுத்து ஏறத்தாழ 150 முதல் 250 யூரோ வரை ஆகும்.

என் வகுப்பு திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டரை முதல் மதியம் பன்னிரண்டே முக்கால் வரை. வாரத்துக்கு 25 பாடவேளை. விடுமுறைகள் சேர்த்து ஏழு மாதம் போல ஆனது, அதற்குமேல் அந்த 100 பாடவேளைக்கு ஒரு மாதம். மாலை வகுப்பு என்றால் ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுக்கும். சிறு குழந்தை இருப்பவர்கள் குழந்தைகள் காப்பக இடத்துக்கும் வகுப்புக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பியுங்கள். காப்பகத்தில் இடம் கிடைக்காமல் வகுப்பை விட்ட தாய்மார்கள் என் கண்முன்னே மூன்று பேர்.

5. ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, தமிழை வைத்துப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இது இருக்கட்டும். நமக்கு இரண்டாவது மொழி ஆங்கிலம் என்பதால், எதையும் முதலில் ஆங்கிலத்தில் நினைத்து அப்புறம் ஜெர்மனுக்கு மாற்றுகிறோம். முதல் இரண்டு மாதம் நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரு நாள் வகுப்பில் ஜன்னல் திறந்திருந்தது. குளிர் தாங்காமல் "இஹ் பின் கல்ட்" என்றேன். ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே போட்டேன். ஆசிரியை சிரிக்காமல், பொறுமையாகச் சொன்னார்: அப்படிச் சொன்னால் நான் ஈரமில்லாத மனுஷி என்று அர்த்தமாம். "மீர் இஸ்ட் கல்ட்" என்று சொல்ல வேண்டும். 'மீர்' என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிர்கிறது! தமிழில் நினைத்திருந்தால் தானாகவே சரியாக வந்திருக்கும். அன்று வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எனக்குத் தலை வலிக்கிறது: "மீர் டூட் டேர் கொப்ஃப் வே". எனக்குப் பிடிக்கிறது: "எஸ் கெஃபெல்ட் மீர்". எனக்கு உதவுங்கள்: "ஹெல்ஃபன் ஸீ மீர்". எல்லாவற்றிலும் அந்த 'எனக்கு' அப்படியே உட்கார்ந்திருந்தது.

பள்ளியில் படித்த வேற்றுமை உருபுகளை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். அவர்களின் அக்குஸாடீவ் நம் 'ஐ', டாடீவ் நம் 'கு', கெனிடீவ் நம் 'உடைய'. எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் வகுப்பில் மற்றவர்கள் இது எதற்கு என்று திண்டாடும்போது உங்களுக்கு அடிப்படை ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வினைச்சொல்லும் அப்படித்தான். 'ஏனென்றால்' என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும்: "வைல் இஹ் ஹொய்ட்ட கைன ட்சைட் ஹாப". 'ஏனென்றால் எனக்கு இன்று நேரமில்லை' என்று அர்த்தம். ஏனென்றால், நான், இன்று, நேரம் என்று வந்து, வினையான 'ஹாப' கடைசியில். ஆங்கிலம் வழியாக வருகிறவர்களுக்கு இது தலைகீழ், நமக்கோ வினை கடைசியில் வருவதுதான் இயல்பு. நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு: 'டூ', 'ஸீ'. அலுவலகத்தில், கடையில், அக்கம்பக்கத்தில் 'ஸீ' சொல்லுங்கள். அவர்களே 'டூ' என்று அழைக்கச் சொன்னால் மாறிக்கொள்ளலாம்.

உச்சரிப்பில் குறில் நெடில் நமக்குக் கிடைத்த வரம். 'மீட்ட' என்றால் வாடகை, 'மிட்ட' என்றால் நடு. 'ஓஃபன்' அடுப்பு, 'ஒஃபன்' திறந்திருக்கிறது. 'ஷ்டாட்' நாடு, 'ஷ்டட்' நகரம். குறிலையும் நெடிலையும் நாம் மாற்றிச் சொல்லவே மாட்டோம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது: ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்காதீர்கள். இங்கே உங்களுக்குச் சொல்வதற்காக எழுதுகிறேனே தவிர, உங்கள் நோட்டில் அவர்கள் எழுத்திலேயே எழுதுங்கள். நம் எழுத்தில் ட-வின் இரண்டு ஓசைக்கும், ப-வின் இரண்டு ஓசைக்கும் வேறுபாடு தெரியாது. நன்றி சொல்வதும் பெட்ரோல் போடுவதும் என் நோட்டில் ஒரே 'டங்கன்'. ரொட்டி சுடுவதும் பெட்டி கட்டுவதும் ஒரே 'பக்கன்'. அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன்.

தமிழ் கை கொடுக்காத இடம், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்ட வரும் டேர் (ஆண்), டீ (பெண்), டாஸ் (இரண்டுமில்லை). நமக்கு உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்தே பால் வந்துவிடும். இங்கே கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. சிறுமி என்ற சொல்லே அஃறிணை மாதிரி 'டாஸ்'. காரணம் தேடாதீர்கள், சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள். நான் மூன்று நிறத்தில் ஒட்டுத்தாள் வாங்கினேன். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, மூன்றாவதுக்குப் பச்சை. சமையலறை அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, புளி டப்பா எல்லாவற்றிலும் ஒட்டினேன். ஆறு மாதம் ஒட்டியிருந்தது. இப்போதும் 'குளிர்சாதனப் பெட்டி' என்று நினைத்தால் நீலம்தான் கண்ணில் வருகிறது. சில விதிகளும் உதவும்: 'உங்', 'ஹைட்', 'கைட்' என்று முடிந்தால் டீ, சிறியதைக் குறிக்கும் 'ஹென்' என்று முடிந்தால் டாஸ்.

எண்களில் கவனம். நாற்பத்தேழை 'ஏழும் நாற்பதும்' என்றுதான் சொல்வார்கள். தொலைபேசி எண் சொல்லும்போது ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். அதைவிட மோசம் மணி. 'ஹல்ப் ஃபியர்' என்றால் நாலரை என்று நினைத்து மகளை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அது மூன்றரை, அதாவது நான்கை நோக்கிப் பாதி. எங்கள் நேரம் போய்விட்டது, அடுத்த நேரம் கிடைக்க மூன்று வாரம்.

6. வகுப்புக்கு வெளியே

ஜெர்மனியின் சர்வதேச ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல, ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூல இரண்டும் இணையத்தில் இலவசமாகப் பாடம் வைத்திருக்கின்றன. ஊர் நூலகத்தில் பாடநூல்கள் கிடைக்கும். காசு கொடுத்துச் செயலி வாங்கும்முன் இவற்றை முடியுங்கள்.

வீட்டுக்கு வரும் கடிதங்களைக் கணவரிடம் கொடுக்காதீர்கள், நீங்களே பிரியுங்கள். அந்த அக்கா சொன்ன வழி இது: "முதல்ல திகதியைத் தேடுங்கோ, பிறகு காசு இருக்கா எண்டு பாருங்கோ, மிச்சத்தை ஆறுதலா வாசிக்கலாம்." நான்கு சொற்களை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: 'ஃப்ரிஸ்ட்' கெடு, 'டெர்மீன்' சந்திப்பு நேரம், 'மானுங்' பணம் கட்டாததற்கு நினைவூட்டல், 'விடர்ஷ்ப்ருஹ்' ஆட்சேபம். நீளமான சொல் வந்தால் பின்னாலிருந்து பிரியுங்கள். 'கிராங்கன்ஃபெர்ஸிஹெருங்ஸ்கார்ட்ட' கடைசியில் அட்டை, அதற்கு முன்னால் காப்பீடு, அதற்கும் முன்னால் நோயாளிகள். நம் தொகைச்சொல்லைப் பிரிப்பது போலத்தான்.

எங்கள் பக்கத்தில் ஷ்வேபிஷ் வட்டார வழக்கு பேசுவார்கள். வகுப்பில் படித்தது பக்கத்து வீட்டுப் பாட்டி வாயில் வேறு மாதிரி கேட்கும். புரியாவிட்டால் உங்கள் படிப்பில் குறை என்று நினைக்க வேண்டாம்.

7. தேர்வு

வகுப்பின் முடிவில் எழுதுவது டி.டி.இசட். என்ற தேர்வு, அதாவது குடியேறியவர்களுக்கான ஜெர்மன் தேர்வு. ஏ2, பி1 இரண்டையும் ஒரே தாளில் அளக்கும். கேட்டல் 25 நிமிடம், வாசித்தல் 45, எழுதுதல் 30. அப்புறம் இருவராகச் சேர்ந்து பேசும் தேர்வு, சுமார் 16 நிமிடம்.

மதிப்பெண் முறையைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பேச்சில் பி1 வாங்க வேண்டும், அதோடு எழுத்திலோ, அல்லது கேட்டலும் வாசித்தலும் சேர்ந்த பகுதியிலோ பி1 வாங்க வேண்டும். மற்ற இரண்டிலும் நன்றாக எழுதி, பேச்சில் ஏ2 வந்தால் மொத்தமும் ஏ2-தான். நம்மவர்கள் இலக்கணப் பயிற்சியைப் பக்கம் பக்கமாகப் போடுகிறோம், வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறோம். கடைசி இரண்டு மாதம் நான் தினமும் அரை மணி நேரம் வகுப்புத் தோழியுடன் தொலைபேசியில் பேசினேன். அவர் சிரியாவிலிருந்து வந்தவர், எங்களுக்கு வேறு பொது மொழியே இல்லை. அதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

எழுத்தில் ஒரு கடிதம். நான்கு குறிப்புகள் கொடுப்பார்கள், நான்கையும் தொட வேண்டும். வீட்டுக்காரருக்கு ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று எழுதுவது போன்ற அன்றாட விஷயம்தான் வரும். விளிப்பையும் முடிப்பையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி வைத்திருங்கள்.

உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லப் பழகுங்கள். ஏ1 பேச்சுத் தேர்விலேயே கேட்பார்கள், அதன்பின் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்பார்கள். ஆங்கிலத்தின் 'ஏ' இங்கே 'ஆ', 'ஈ' இங்கே 'ஏ', 'ஐ' இங்கே 'ஈ', 'ஜே' இங்கே 'யொட்', 'வி' இங்கே 'ஃபவ்'. ஜெயந்தி என்றால் "யொட், ஏ, இப்ஸிலோன், ஆ, என், டே, ஹா, ஈ". குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பாருங்கள்.

தேர்வன்று அசல் பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள், நகல் செல்லாது.

அந்த 100 பாடவேளைக்குப் பிறகு வரும் 'லேபன் இன் டாய்ச்லாண்ட்' தேர்வு எளிது. 33 கேள்விகள், 60 நிமிடம், 15 சரியானால் தேர்ச்சி. ஆனால் 17-ஐக் குறி வையுங்கள். அது இருந்தால் பின்னால் குடியுரிமைக்கும் அதே சான்றிதழ் போதும். உங்கள் மாநிலத்துக்கான 10 கேள்விகளையும் சேர்த்து மொத்தம் 310 கேள்விகளும் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. தினம் 20 பார்த்தால் பதினாறு நாளில் முடிந்துவிடும்.

8. சான்றிதழ் வந்த பிறகு

எனக்குத் தேர்வு மே மாதம், சான்றிதழ் ஜூலையில் வந்தது. குடியுரிமை, வேலை விண்ணப்பம் என்று தேதி ஏதாவது இருந்தால் இந்த இடைவெளியைக் கணக்கில் வையுங்கள்.

வந்ததும் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பார்த்து, தவறு இருந்தால் அன்றே பள்ளிக்கு எழுதுங்கள். ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அசலை எந்த அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பாதீர்கள்.

அப்புறம் பணம். அனுமதிச் சீட்டு கிடைத்த தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் இரண்டு தேர்வையும் முடித்தால், கட்டிய பங்கில் பாதியைத் திரும்பக் கேட்கலாம். தானாக வராது, பாம்ஃபுக்குத் தனிப் படிவம் அனுப்ப வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரியவே இல்லை. நான் சான்றிதழ் வந்த வாரமே அனுப்பினேன், 801.50 யூரோ வங்கிக் கணக்குக்கு வந்தது. அதில் ஒரு பகுதியை எடுத்து பி2 மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். செவ்வாயும் வியாழனும், ஆறு மணிக்கு.